மூக்கரும் மூன்று பாட்டில்களும்

சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, மூன்று சின்ன பாட்டில்களைத் துணிப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, மூக்கர் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார். பஸ் குலுங்கும்போதெல்லாம் பைக்குள் கண்ணாடியோடு கண்ணாடி இடித்துக்கொண்டது. உடைந்து தொலைந்தால்கூட நல்லதுதான் என்று ஒரு நிமிஷம் நினைத்தார். பிறகு, அப்படி நினைத்ததற்காகவே பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இருக்கிறது. மற்றபடி தொழிற்சாலைக் காவலாளியிலிருந்து தெருமுனைச் சலூன்காரர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் மூக்கர்தான். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. பார்க்கப்போனால் கொஞ்சம் சப்பை. பெயர் வந்த கதை வேறு.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜின் வடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் பாட்டில் கழுவும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தார். சேர்ந்த இரண்டாம் வாரம், கழுவுகிற தண்ணீரில் நனைந்த நாயின் வாடை வருகிறது என்று மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னார். "உனக்கு மூக்கு கொஞ்சம் நீளம்தான்" என்று எல்லோரும் சிரித்தார்கள். நான்கு நாள் கழித்து மேல்தொட்டியைத் திறந்தபோது, உள்ளே ஒரு பலகை ஊறி அழுகிக் கிடந்தது. அன்றைக்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து எந்தச் சரக்கும் அவர் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போடாமல் வாசலைத் தாண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவருக்குப் போதை ஏறியதில்லை. நாக்கில் இரண்டு சொட்டு, பிறகு துப்பிவிடுவார். பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டுப் பசியோடு வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி.

அந்த மூக்கு இருபத்துமூன்று நாளாக வேலை செய்யவில்லை.

மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் காலை காபி வாயில் பட்டபோது, கசப்பும் சூடும் இருந்தன; காபி இல்லை. சளி அடைத்திருக்கிறது, இறங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்தார். சளி இறங்கியது. வாசனை வரவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று இரண்டு பஸ் மாறி, ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டரிடம் போனார். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரும். சில பேருக்கு வராமலும் போகும்" என்றார், மழையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் எப்படியோ சமாளித்தார். பழைய சரக்கெல்லாம் அவருக்கு மனப்பாடம். எது எப்படி மணக்க வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கிளாஸை மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, வழக்கமாக நிற்கிற நேரம் நின்று, போன மாதக் குறிப்பில் இரண்டு வார்த்தையை மாற்றி எழுதி, கையெழுத்துப் போட்டார்.

ஆனால் பையில் இருந்தது புதுச் சரக்கு. இதுவரை யாரும் குடிக்காத ஜின். பார்த்து எழுதப் பழைய குறிப்பு கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கும் காரணம் இருந்தது. ஆய்வுக்கூடத்தின் சுவருக்கு அந்த வாரம் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடைக்கு நடுவில் எதையும் மோந்து பார்க்க முடியாது. ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பானவர் மேடம். மூக்கரைவிடப் பத்து வயது சின்னவர், படிப்பில் பத்து மடங்கு பெரியவர். மூக்கர், இன்னொருவர், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என்று ருசி பார்க்கிற மூன்று பேரையும் அவர் கூப்பிட்டு, ஆளுக்கு மூன்று பாட்டில் கொடுத்தார்.

"மூணு டேங்க், மூணு பாட்டில். எதுலயாவது குறை இருந்தா அந்த டேங்கை நிறுத்திடலாம். மத்ததைத் திங்கட்கிழமை காலையில பாட்டில்ல அடைக்கணும். இன்னிக்கு ஆறு மணிக்குள்ள எனக்கு மெசேஜ் போட்டுடுங்க. ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காதீங்க."

மற்ற இருவரும் போன பிறகு மூக்கரிடம் மட்டும் சொன்னார்: "அவங்க என்ன வேணா சொல்லட்டும். நீங்க சொல்றதுதான்."

வேறு எந்த மாதமாக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு அவர் பஸ்ஸில் வராமல் பறந்தே வந்திருப்பார்.

மனைவி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தாள். சமையலறைக் கதவு மூடியிருந்தது. ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது. மேஜைமேல் வெள்ளைத்துணி, அதன்மேல் மூன்று கிளாஸ், ஒரு குடுவைத் தண்ணீர், துப்புவதற்கு ஒரு கிண்ணம். கல்யாணமான இரண்டாம் நாளே மூக்கர் அவளிடம் ஒரு பட்டியல் சொல்லியிருந்தார்: பவுடர் கூடாது, சென்ட் கூடாது, வாசனை எண்ணெய் கூடாது. "நான் மனுஷியா, இல்லை கண்ணாடி கிளாஸா?" என்று அவள் அன்றைக்குக் கேட்டாள். கேட்டாளே தவிர, பத்தொன்பது வருஷமாக அப்படியே இருந்தாள். அந்த வீட்டுக்கென்று ஒரு மணம் கிடையாது. அந்த மூன்று கிளாஸுக்குத் தனித் தட்டு. வெந்நீரில் மட்டும்தான் கழுவுவாள். சோப்பு பட்டால் கிளாஸ் செத்துப்போச்சு என்பது மூக்கர் வீட்டுச் சட்டம்.

"வந்ததும் வராததுமா ஏன் நின்னுட்டே இருக்கீங்க? உட்காருங்க."

"உட்காரத்தான் போறேன்."

உட்காரவில்லை. ஜன்னல்வரை போனார், திரும்பினார். மூடியிருந்த சமையலறைக் கதவை இன்னொரு தடவை மூடினார்.

"கொஞ்ச நேரம் நீ உள்ளே இரும்மா."

அவள் படுக்கையறைக்குள் போன பிறகு, முதல் பாட்டிலைத் திறந்து கிளாஸில் விரற்கடை ஊற்றினார். வழக்கமான ஜின்னில் நூற்றுக்கு நாற்பது பங்கு சாராயம் இருக்கும். இதில் ஐம்பத்தேழு. கிளாஸைச் சுழற்றினால் ஓரத்தில் எண்ணெய் மாதிரி வழிந்தது. கண்ணை மூடி, கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார்.

சுரீர் என்றது. மூக்கின் உள்சுவரில் ஆயிரம் ஊசி. கண்ணில் நீர் முட்டியது.

வந்துவிட்டது!

கிளாஸை வைத்துவிட்டு அறையைச் சுற்றி மூன்று தடவை நடந்தார். சத்தம் வராமல் சிரித்தார். எதை மோந்தோம், ஜின்னுக்கு மணம் தருகிற ஜூனிபர் காயா, ஆரஞ்சுத் தோலா, அதெல்லாம் அவர் யோசிக்கவில்லை. வந்தது போதும். விருந்தாளி வந்திருக்கிறார், பெயரைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு முறைப்படி செய்தார். இவ்வளவு காட்டமான சரக்கை அப்படியே மோந்து தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, இரண்டு நிமிஷம் விட்டு, எரிச்சல் அடங்கிய பிறகுதான் உள்ளே இருப்பது ஒவ்வொன்றாக வெளியே வரும். தண்ணீர் ஊற்றினார். காத்திருந்தார். மோந்தார்.

ஒன்றுமில்லை. பூட்டிக்கிடக்கிற வீட்டின் கதவைத் தட்டியது போல.

இன்னும் கிட்டே கொண்டுபோனார். மூக்கு நுனி நனைந்தது. ஒன்றுமில்லை. சமையலறைக்கு ஓடிக் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகத்தையே உள்ளே புதைத்தார். தூள் மூச்சில் ஏறித் தும்மினார். தும்மல்தான் வந்தது.

அப்போதுதான் புரிந்தது. முதலில் வந்தது வாசனை கிடையாது, வெறும் எரிச்சல். ஐம்பத்தேழு பங்கு சாராயம் யார் மூக்கில் பட்டாலும் எரியும். மிளகாய் பட்டால் குருடன் கண்ணும்தான் எரியும். அதற்காகக் கண் தெரிந்துவிட்டது என்றா சொல்வார்கள்?

"என்னங்க, தும்முறீங்க?" என்று உள்ளேயிருந்து குரல்.

"தூசி."

மற்ற இரண்டு கிளாஸிலும் ஊற்றித் தண்ணீர் கலந்தார். துணியில் கொஞ்சம் சிந்தியது. இரண்டாம் நம்பர் கிளாஸில் தண்ணீர் விழுந்ததும் ஒரு மங்கல் படர்ந்தது. கண்ணாடியில் மூச்சு விட்டது போல, லேசாக. ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் தெளிந்த நீராகவே இருந்தன. வடிப்பை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் விட்டால் கடைசியில் கனமான எண்ணெய் இறங்கிவிடும். 'வால்' என்பார்கள். வால் சேர்ந்த சரக்குத் தண்ணீர் பட்டால் கலங்கும். அது மூக்கருக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு காட்டமான ஜின்னை அவர் இதற்குமுன் பார்த்ததில்லை. கொஞ்சம் கலங்குவதே இதன் சுபாவமோ என்னவோ. தவிர, புதிதாக வருகிறவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே, "கண்ணு புளுகும். மூடிட்டு மோந்து பாரு" என்பதுதான். கண்ணை நம்பி எழுத அவருக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் சட்டையைப் போட்டுக்கொள்வது போல.

மூன்று கிளாஸையும் தட்டால் மூடினார். மணி நான்கு.

அழைப்பு மணி அடித்தது. மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை பாதி நாள்தான் வேலை. மீதி நாளை அக்கா வீட்டில் கழிப்பான்.

"மாமா! மாடிப்படியில மூணாவது வளைவுலயே மணக்குது. இன்னிக்குப் பரீட்சையா?"

மாடிப்படி வரைக்கும் மணக்கிறது. மூக்கருக்கு எங்கோ குத்தியது.

"மேஜையைத் தொடாதே."

"தொடல. பார்க்கலாம்ல? பார்க்கறதுக்கும் உங்க கையெழுத்து வேணுமா?"

"டேய், அவரைச் சீண்டாதே" என்று மனைவி வெளியே வந்தாள். "ஒரு மாசமா கோபம் மூக்கு நுனியிலயே நிக்குது."

"அங்க எப்படிக்கா நிக்கும்? அது ஆபீஸ் இடமாச்சே."

வேறு நாளாக இருந்தால் மூக்கரும் சிரித்திருப்பார். "ரொட்டி வாங்கிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டினார்.

"ரொட்டி இருக்குங்க."

"நேத்து ரொட்டி அது."

தெருவில் இறங்கினார். இந்தத் தெருவை அவர் கண்ணால் பார்த்து நடந்ததில்லை. பேக்கரி, சலவைக் கடை, செருப்புத் தைப்பவர், பெட்ரோல் பங்க் என்று வரிசையாக மூக்கே சொல்லிக்கொண்டு வரும். இப்போது ஒலியை நிறுத்திவிட்ட டிவி மாதிரி தெரு வாயசைத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடை முன்னாலும் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். பெட்ரோல் பங்கில் நிறைய நேரம் நின்றுவிட்டார் போல.

"சார், வண்டி எங்க?" என்றான் குழாய் பிடித்திருந்தவன்.

"வண்டி இல்லை."

"அப்ப எதுல ஊத்தறது?"

நடையைக் கட்டினார். ரொட்டி வாங்க மறந்து, பாதி வழியில் ஞாபகம் வந்து, திரும்பிப் போய் வாங்கினார். ஐந்து மணியாகிவிட்டது. எதையாவது எழுதியாக வேண்டும். 'எல்லாம் சரி' என்று எழுதலாம். சரியில்லாத டேங்க் ஒன்று இருந்தால்? மற்ற இருவர் கண்டுபிடித்து, மூக்கர் மட்டும் கோட்டை விட்டார் என்று தெரிந்தால்? மூக்கு இல்லாத மூக்கரை வைத்துக்கொண்டு தொழிற்சாலை என்ன செய்யும்? நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பாட்டில் கழுவப் போக வேண்டியதுதான். அதையும் இப்போது மெஷின்தான் கழுவுகிறது.

மாடிப்படி ஏறும்போதுதான் யோசனை வந்தது. வீட்டில் ஒரு மூக்கு சும்மா இருக்கிறதே. பத்தொன்பது வருஷமாக எந்த வாசனையும் படாத, கன்னி கழியாத மூக்கு.

உள்ளே நுழைந்ததும் மச்சினன் நாற்காலியில் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"நான் மேஜை பக்கமே போகலை மாமா."

போனாயா என்று அவர் கேட்கவே இல்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். ஆனால் மூக்கர் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. அதற்குள் மச்சினனின் போன் அடித்தது. எங்கோ லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டதாம். "எல்லா பட்டனையும் அமுக்காதீங்க சார்! பயப்படாதீங்க, விழாது! விழாதுன்னா விழாது!" என்று கத்திக்கொண்டே பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

"இங்க வாயேன்" என்று மனைவியைக் கூப்பிட்டார். "சும்மா ஒரு விளையாட்டு. இந்த மூணையும் மோந்து பார்த்துச் சொல்லு."

"நானா?" அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "பத்தொன்பது வருஷத்துல இன்னிக்கா தோணிச்சு?"

"சாதாரண ஆளுங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு மேடம் கேட்டாங்க."

பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் ஒன்றாம் நம்பரைக் குனிந்து மோந்தாள். முகம் சிறு பெண்ணுடையது மாதிரி ஆனது.

"பென்சில் சீவின மாதிரி. புதுப் பென்சில். அப்புறம்... ஆரஞ்சு உரிச்சுட்டுக் கையைக் கழுவாம இருந்தா வருமே, அது."

ஜூனிபர் காயை முதல் தடவை மோந்தபோது அவரும் பென்சில் என்றுதான் எழுதினார்.

"அடுத்தது."

"இதுவும் அதேதான். ஆனா பின்னாடி என்னமோ... ஈரத்துணியை மடிச்சு வெச்சுட்ட மாதிரி. சரியாச் சொல்லத் தெரியலைங்க."

"சரி, மூணாவது?"

மூன்றாவதைக் கிட்டே கொண்டுபோனதுமே சொல்லிவிட்டாள். "எலுமிச்சை! இது பளிச்சுனு தெரியுது. எனக்கே தெரியுதுன்னா பார்த்துக்கங்களேன்."

எலுமிச்சையா? இந்த ஜின்னில் ஆரஞ்சுத் தோல்தான் போடுகிறார்கள். எலுமிச்சைக்கு வேலையே இல்லை. மூன்றாவது டேங்கில் ஏதோ கலந்திருக்கிறது. இதற்கு முன் எலுமிச்சை வைத்து வடித்த சரக்கு அந்த டேங்கில் இருந்து, அதைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பார்கள். இரண்டாவதின் மங்கலும் அவள் சொன்ன ஈரத்துணியும் மனத்தின் ஓரத்தில் ஒரு கணம் நின்றன. ஆனால் எலுமிச்சை பளிச்சென்று இருந்தது. பளிச்சென்று கிடைக்கிற பதிலை விட்டுவிட மனசில்லை. மணி ஐந்தே முக்கால். போனை எடுத்து எழுதினார்: 'ஒன்று, இரண்டு சரி. மூன்றில் எலுமிச்சைக் கலப்பு. டேங்க் சரியாகக் கழுவவில்லை.'

மூன்று நிமிஷத்தில் மேடமே கூப்பிட்டார்.

"தாங்க்ஸ். நல்லவேளை நீங்க இருக்கீங்க. மத்த ரெண்டு பேரும் ரெண்டாம் நம்பர்ல குறைன்னாங்க. எனக்கும் அப்படித்தான் பட்டுது, ஆனா சந்தேகமாவே இருந்துச்சு. நீங்க சொன்னப்புறம் என்ன? மூணை நிறுத்திடறேன், ரெண்டை அடைச்சிடலாம்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அந்தப் புதுப் பொண்ணு, ரெண்டுல ஈரக் கோணி மணக்குதுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கா. மூக்கு பத்தாது போல. இந்த மாசத்தோட பாட்டில் கணக்கெடுக்க மாத்திடலாம்னு இருக்கேன்."

"ம்" என்றார் மூக்கர்.

போனை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தார். ஈரக் கோணி. ஈரத்துணி. இரண்டு பெண்கள், இரண்டு வீடுகளில், ஒரே ஈரம். மேஜைவரை நடந்தார், கதவுவரை நடந்தார். உட்கார்ந்தால் அந்த வார்த்தை தன்னைப் பிடித்துவிடும் போலிருந்தது.

மனைவி கிளாஸ்களை எடுத்துவைக்க வந்தாள். மூன்றாவதை இன்னொரு தடவை ஆசைக்கு மோந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது.

"என்னங்க, இது பழ வாசனை இல்லை. நம்ம பாத்திரம் கழுவுற சோப்பு."

பால்கனிக் கதவு திறந்தது. மச்சினன் அப்போதுதான் லிஃப்டில் மாட்டியிருந்தவர்களைப் போனிலேயே வழி சொல்லி வெளியே எடுத்த பெருமையோடு உள்ளே வந்தான். அக்கா கையிலிருந்த கிளாஸைப் பார்த்ததும் பெருமை போய்விட்டது.

"டேய். இதைக் கழுவினியா?"

"ஒரே ஒரு வாய்க்கா. மாமா ரொட்டி வாங்கப் போனார், நீ துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போயிட்டே. மூணாவது ஓரமா இருந்துச்சா, அதை எடுத்தேன். குடிச்ச கிளாஸை அப்படியே வெக்கறது மரியாதையில்லைன்னு, நல்லா சோப்புப் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, பாட்டில்லேர்ந்து ஊத்தி, தண்ணி விட்டு, பழைய லெவலுக்கே கொண்டுவந்து வெச்சேன். ஒரு மில்லி முன்னே பின்னே இருக்காது." சொல்லும்போதே அவனுக்குக் கொஞ்சம் பெருமை திரும்பியது. "நெருப்பு மாமா அது. தண்ணி கலந்தும் காது வரைக்கும் எரிஞ்சுது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கரைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"உங்களுக்குத் தெரியலையா?"

மூக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுல பாத்திரம் தேய்ச்சாலே ஜன்னலை மூடச் சொல்ற ஆளு நீங்க. சோப்பு கைக்கெட்டற தூரத்துல இருக்கு. உங்களுக்குத் தெரியலையா?"

"இல்லை."

"எத்தனை நாளா?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

அவள் கிளாஸை மேஜைமேல் வைத்தாள். மெதுவாகத்தான் வைத்தாள், ஆனாலும் தண்ணீர் தளும்பியது.

"பத்தொன்பது வருஷம் நான் பவுடர் பூசலை. எங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா எல்லாரும் மணக்க மணக்க வருவாங்க, நான் மட்டும் துவைச்ச துணி மாதிரி போய் நிப்பேன். எல்லாம் அந்த மூக்குக்காக. அது போயிடுச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தினமும் காலையில வந்துடும்னு நினைச்சேன்."

"வரலைன்னா?"

"மறுநாள் வந்துடும்னு நினைச்சேன்."

மச்சினன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கியதும், பழுது பார்க்கிறவனுக்கே உரிய அவசரத்தோடு வழி சொன்னான்.

"இப்ப என்ன குடி முழுகிடுச்சு? மேடத்துக்கு ஒரு போன். 'கிளாஸ்ல சோப்பு, மச்சினன் பண்ணின வேலை, மறுபடி பார்த்தேன், ரெண்டுலதான் குறை.' என் மேலயே பழியைப் போடுங்க, நான் தாங்குவேன். பாம்பும் சாகும், கம்பும் உடையாது. உங்க மூக்கு அப்புறமா நிதானமா வரட்டும்."

அது நல்ல வழிதான். அதில் பாதிக்குமேல் உண்மையும் இருந்தது. மூக்கர் மனைவியைப் பார்த்தார். அவள் வெள்ளைத்துணியை நான்காக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

போனை எடுத்தார். நின்றபடியே பேசினார்.

"மேடம், நான்தான். ஒரு தப்பு நடந்துடுச்சு. கிளாஸை என் மச்சினன் சோப்புப் போட்டுக் கழுவிட்டான். மூணாவதுல எலுமிச்சை வந்தது அதனாலதான். மூணு சரியா இருக்கு. ரெண்டுதான் கலங்குது. தண்ணி விட்டா வெளுக்குது, வால் சேர்ந்திருக்கு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "அட, உங்க வீட்டுலயேவா! நல்லவேளை இப்பவே சொன்னீங்க. அப்ப அந்தப் பொண்ணு சொன்னதுதான் சரி. ரெண்டை நிறுத்திடறேன். சரி, வெச்சிடட்டுமா?"

மச்சினன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். முடிந்தது, வைத்துவிடுங்கள் என்று அர்த்தம்.

"வெச்சிடாதீங்க மேடம்."

"சொல்லுங்க."

"ரெண்டு கலங்குதுன்னு நான் மோந்து சொல்லலை. கண்ணால பார்த்துச் சொன்னேன். எலுமிச்சைன்னு சொன்னதும் என் மூக்கில்லை, வீட்டுல அவ மோந்து சொன்னது. எனக்கு வாசனை தெரியலை மேடம். இருபத்துமூணு நாளாச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. பின்னணியில் எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது. மேடமும் வீட்டில்தான் இருக்கிறார் போல. குழாய் நின்றது.

"சுத்தமாவா?"

"சுத்தமா."

"இந்த இருபத்துமூணு நாள்ல நீங்க கையெழுத்துப் போட்டது?"

"நாலு."

"நாலு." மேடம் அந்த எண்ணை மெதுவாகத் திரும்பச் சொன்னார். "ரெண்டு வெளியே போயாச்சு, தெரியுமில்ல?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

இருந்த ஒரே பதிலை மனைவியிடம் சொல்லிவிட்டிருந்தார். அது இரண்டாம் தடவை சொல்லத் தகுந்ததாக இல்லை.

"அந்த நாலு சரக்கோட நம்பரையும் எழுதி இப்பவே அனுப்புங்க" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை, வேலை மட்டும் இருந்தது. "மறுபடி எல்லாத்தையும் பார்க்கணும். அந்தப் பொண்ணைத்தான் கூப்பிடணும், அவ்வளவு நுணுக்கமா எழுதற வேற ஆளில்லை. திங்கட்கிழமை நீங்க வாங்க. மோந்து பார்க்க உட்கார வேணாம். ஆனா வாங்க. உங்களை என்ன பண்றதுன்னு எனக்கு இப்பத் தெரியலை. பொய் சொல்ல விரும்பலை."

"வரேன்."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். வரலாம், வராமலும் போகலாம்னார்."

"சரி. நம்பரை அனுப்புங்க."

போன் அணைந்தது. மூக்கர் காலண்டர் தாளின் பின்பக்கத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். நான்கு நம்பரும் தேதியோடு ஞாபகம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றார் என்பதுகூட ஞாபகம் இருந்தது. எழுதினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"எழுதியாச்சா?" என்றாள் மனைவி. கோபம் தீரவில்லை, ஆனால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பேனா தாளைவிட்டு எழவில்லை. காய்ச்சல் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். மூக்கு அடைத்திருக்கிறது என்று அவர் நம்பிக்கொண்டிருந்த நாள். சாயங்காலம் ஒரு சின்னச் சரக்கு, இருநூறு பாட்டில். லாரி காத்துக்கொண்டிருந்தது. சளிதானே, பார்த்த சரக்குதானே என்று நின்றபடியே போட்ட கையெழுத்து. இத்தனை நாளும் அதை அவர் கணக்கில் சேர்த்ததே இல்லை. அன்றைக்குத் தனக்கே தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிவைத்திருந்தார்.

தெரியும். அன்று காலை காபியிலேயே தெரியும்.

"அஞ்சு" என்றார்.

"என்ன அஞ்சு?"

"நாலில்லை. அஞ்சு."

"மாமா" என்றான் மச்சினன், கெஞ்சுகிற மாதிரி. "நாலுன்னு சொல்லியாச்சு. சின்னச் சரக்குதானே? யாருக்குத் தெரியப்போகுது?"

மூக்கர் ஐந்தாவது நம்பரை எழுதினார். அதன் கீழே தேதி. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் எழுந்து நின்றார். மேடத்தின் எண்ணை அமுக்கிப் போனைக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்தது.